கையெழுத்துப் போட ஓர் ஆள்

சில தேர்தல்களுக்கு முன்னால் சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்து வாக்குச்சாவடிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம். ஓட்டுப் போட்டுவிட்டு வந்த ஒரு மூதாட்டி எங்களிடம் வந்தார். “எம்பேர்ல முன்னாடியே யாரோ போட்டுட்டாங்களாம் தம்பி. ஒரு சீட்டக் குடுத்துக் குத்தச் சொன்னாங்க. அதை ஒரு கவர்ல போட்டு வச்சுக்கிட்டாங்க. இத எப்ப எண்ணுவாங்க?”

அன்றைக்கு எங்களால் நேரான பதில் சொல்ல முடியவில்லை. “எண்ணுவாங்கம்மா” என்று சொல்லிச் சமாளித்தோம். அது பொய். அந்த உறையை யாரும் எண்ணுவதில்லை. தேர்தல் நடத்தை விதிகளில் 49பி என்ற பிரிவு இருக்கிறது. ‘சர்கார்’ படம் வந்தபின் இந்த எண் எல்லோருக்கும் தெரியும். நம் பெயரில் வேறொருவர் வாக்களித்திருந்தால், நாம் யார் என்று நிரூபித்து, காகிதச் சீட்டில் வாக்களிக்கலாம். அதற்கு ஆய்வுக்குரிய வாக்கு என்று பெயர். ஆனால் வாக்கு எண்ணும் நாளில் அந்த உறை பிரிக்கப்படாது. யாராவது தேர்தல் முடிவை எதிர்த்து வழக்குப் போட்டு, நீதிமன்றம் பார்க்கவேண்டும் என்று சொன்னால்தான் அது வெளியே வரும். படத்தில் வழக்குப் போட்டவர் ஒரு கோடீஸ்வரர். மலையில் இருப்பவர் காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போகிற பாட்டி.

முடிவு தவறு என்று ஊரே பேசலாம், பத்திரிகைகள் எழுதலாம். யாரோ ஒருவர் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அது கேள்வியாகவே ஆகும். அந்தக் கையெழுத்து யாருடையது, அவரை அந்த இடத்தில் உட்கார வைத்தது யாருடைய ஓட்டு என்பதை நாங்கள் பல நாள் பேசியிருக்கிறோம். அதை எழுத உட்கார்ந்தபோது மலையிலிருந்து லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் போய்வர வேண்டியதாயிற்று.

முதலில் நம் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். இந்தியாவில் தேர்தல் வழக்கு எப்படி நடக்கவேண்டும் என்று தீர்மானித்த முதல் பெரிய வழக்கு சேலம் மாவட்டத்து வழக்கு. 1951 நவம்பரில் நாமக்கல் தொகுதியில் போட்டியிட என்.பி. பொன்னுசாமி கொடுத்த வேட்புமனுவைத் தேர்தல் அதிகாரி தள்ளுபடி செய்தார். அப்போது நாமக்கல், சேலம் மாவட்டத்தில் இருந்தது. பொன்னுசாமி உயர்நீதிமன்றம் போனார், அங்கே தோற்று உச்சநீதிமன்றம் போனார். 1952 ஜனவரி 21 அன்று நீதிபதி பசல் அலி எழுதிய தீர்ப்பு வந்தது. அறிவிப்பு வெளியான நாளிலிருந்து முடிவு சொல்லும் நாள் வரை எல்லாமே தேர்தல்தான், நடுவில் எந்த நீதிமன்றமும் கைவைக்கக் கூடாது, குறை இருந்தால் எல்லாம் முடிந்தபின் தேர்தல் மனுவாகக் கொண்டுவா என்றது அந்தத் தீர்ப்பு. தேர்தலில் நிற்கும் உரிமை சட்டம் கொடுத்த உரிமை, அதைச் சட்டம் சொன்ன வழியில்தான் கேட்கலாம் என்றும் சொன்னது. இன்றுவரை எல்லா நீதிமன்றங்களிலும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு இது.

அந்தச் சட்டம் சொன்ன வழி படிப்பதற்கு மிகவும் ஜனநாயகமாக இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 81ஆம் பிரிவுப்படி தோற்ற வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் மனுப் போடலாம். அவர் ஓட்டுப் போட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. முடிவு வந்த 45 நாளுக்குள் போடவேண்டும். 2,000 ரூபாய் வைப்புத்தொகை கட்டவேண்டும். முதலில் தேர்தல் தீர்ப்பாயங்கள் விசாரித்தன, 1966க்குப் பிறகு நேரே உயர்நீதிமன்றம். அதாவது மலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலம் போய், அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் சென்னைக்குப் போய், வக்கீல் வைத்து நடத்தவேண்டும். அதனால் இந்த மனுக்களைப் பெரும்பாலும் போடுவது கட்சி பின்னால் நிற்கும் தோற்ற வேட்பாளர்தான். வெறும் வாக்காளர் போட்ட மனு அபூர்வம்.

ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி. மலையில் பெரும்பான்மையாக இருப்பவர்கள் மலையாளிகள். கேரளத்தாரைச் சொல்லவில்லை, மலையில் வாழும் பழங்குடிகளைத்தான் இங்கே மலையாளி என்கிறோம். காப்பித் தோட்டங்களில் தலைமுறைகளாகக் கூலி வேலை செய்யும் நம் மக்களும் இருக்கிறார்கள். ஆனால் தொகுதி மலையோடு நிற்கவில்லை. அயோத்தியாப்பட்டினம், வாழப்பாடி என்று சமவெளியில் இறங்கிப் பரவுகிறது. 2011 கணக்கெடுப்பில் ஏற்காடு வட்டத்தின் மொத்த மக்கள்தொகையே நாற்பதாயிரம் சொச்சம்தான். 2013 இடைத்தேர்தலில் தொகுதியின் வாக்காளர்கள் சுமார் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் பேர். மற்ற மலைக்கிராமங்களைச் சேர்த்துக்கொண்டாலும் பழங்குடிகள் சிறுபான்மைதான். நிற்பவர் பழங்குடி, ஜெயிக்க வைப்பது சமவெளி ஓட்டு. 1932 செப்டம்பர் 24 அன்று எரவாடா சிறையில் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தின் பின்கதை இதுதான். அந்த ஒப்பந்தம் பழங்குடிகளைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் இடம் உனக்கு, தேர்ந்தெடுப்பது எல்லோரும் என்ற ஏற்பாடு பிறகு அவர்களுக்கும் வந்து சேர்ந்தது.

இப்படி வந்த தேர்தல் முடிவு எங்கள் முடிவு அல்ல என்று சட்டம் இயற்றும் மன்றத்திடம் போய்ச் சொல்லி, அவர்களை எதிர்க்க வைக்க முயன்றவர் அண்ணல் அம்பேத்கர். இது 1946இல் நடந்தது. நம் தோழர்கள் பலருக்கு 1932 தெரிந்த அளவுக்கு இது தெரியாது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

பூனா ஒப்பந்தத்தில் அண்ணல் போராடிப் பெற்ற ஒரு சின்னப் பாதுகாப்பு இருந்தது. தனித்தொகுதியில் தேர்தல் இரண்டு கட்டம். முதலில் தாழ்த்தப்பட்டோர் மட்டும் வாக்களித்து நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு அந்த நால்வரில் ஒருவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். நாலு பேருக்கு மேல் நின்றால்தான் முதற்கட்டமே நடக்கும். அதனால் நாட்டில் இருந்த 151 தனித்தொகுதிகளில் பெரும்பாலானவற்றில் முதற்கட்டம் நடக்கவேயில்லை. நடந்த இடங்களில் சேரி ஓட்டில் முதலில் வந்தவர் ஊர் ஓட்டில் தோற்றார். சேரி ஓட்டில் பின்தங்கியவர் காங்கிரஸ்காரராக இருந்தால் இறுதியில் ஜெயித்தார். 1946 மாகாணத் தேர்தலில் பட்டியல் சாதியினர் பெடரேஷன் கிட்டத்தட்டத் துடைத்தெறியப்பட்டது. அப்போது பெடரேஷனுக்குத் தலைவர் நம் சென்னையின் ராவ்பகதூர் என். சிவராஜ். சென்னை மாகாணத்தில் 30 தனித்தொகுதிகள் இருந்தும் இந்த நிலைமை.

சரியாக அந்த நேரத்தில்தான் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு இந்தியாவுக்கு வந்தது. பெதிக் லாரன்ஸ், கிரிப்ஸ், அலெக்சாண்டர் ஆகிய மூவரும் தேர்தல் முடிவைப் பார்த்தார்கள். தனித்தொகுதிகளில் ஜெயித்தது காங்கிரஸ், ஆகவே தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதியும் காங்கிரஸ் என்று கணக்கு முடித்தார்கள். மே 16 அன்று வெளியிட்ட திட்டத்தில் அரசியல் நிர்ணய சபைக்கான வாக்காளர் வகைகள் மூன்று: பொது, முஸ்லிம், சீக்கியர். நம்மைப் ‘பொது’வில் போட்டார்கள். சபையின் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கப்போவது மாகாணச் சட்டசபை உறுப்பினர்கள். அங்கேயோ பெடரேஷனுக்கு ஆளில்லை.

அண்ணல் எதிர்த்தது இந்தக் கணக்கைத்தான். ஓட்டுப்பெட்டி உடைந்தது, கள்ள ஓட்டு விழுந்தது என்பதல்ல அவர் புகார். எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம், ஆனால் யாருடைய தேர்வு என்ற கேள்விக்கு அந்த எண்ணிக்கை பதில் அல்ல என்றார். முதற்கட்ட வாக்குகளை எடுத்து வைத்தார். நம் மக்கள் மட்டும் வாக்களித்த இடத்தில் யார் முன்னே வந்தார்கள் பாருங்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து யாரை உட்கார வைத்தார்கள் பாருங்கள் என்றார். ஜூலையில் புனேயில் சட்டசபை கூடியபோது பெடரேஷன் தொண்டர்கள் சத்தியாகிரகம் செய்து சிறை போனார்கள். மற்ற ஊர்களுக்கும் போராட்டம் பரவியது. அக்டோபரில் அண்ணல் லண்டன் போனார். பிரதமர் அட்லியைப் பார்த்தார். எதிர்க்கட்சித் தலைவர் சர்ச்சிலைப் பார்த்தார். கன்சர்வேடிவ் கட்சி எம்.பி.க்கள் கூட்டத்தில் பேசினார். இந்த முடிவை வைத்து எங்கள் தலைவிதியை எழுதாதீர்கள், உங்கள் பாராளுமன்றத்தில் இதைக் கேள்வி கேளுங்கள் என்பதுதான் அவர் வைத்த வேண்டுகோள்.

சர்ச்சில் ஆதரவாகப் பேசினார். அவருக்குக் காங்கிரசை அடிக்க ஒரு கம்பு தேவைப்பட்டது என்பது நமக்குத் தெரியும், அண்ணலுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. லேபர் அரசு அசையவில்லை. முடிவு முடிவுதான் என்றது. அண்ணல் வெறுங்கையோடு திரும்பினார். லண்டன் எம்.பி. எவரையும் தீண்டப்படாதவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அவர்கள் எதற்காகத் தங்கள் அரசை மடக்கப் போகிறார்கள்?

ஆனால் அதற்கு முன்பே, ஜூலையில், வேறொரு இடத்தில் கதவு திறந்திருந்தது. வங்காளத்தில் ஜோகேந்திரநாத் மண்டல் சட்டசபையில் இருந்தார். அவரும் அங்கிருந்த பட்டியல் சாதி உறுப்பினர்கள் சிலரும் அண்ணலுக்கு வாக்களித்து அவரை அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பினார்கள். எண்ணிப் பார்த்தால் மிகச் சிலர். அரசியல் சட்ட வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பெயர்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தச் சில வாக்குகள் அன்றைக்கு விழாமல் போயிருந்தால் அண்ணல் அந்தச் சபைக்குள் நுழைந்திருக்க வேறு மாகாணம் எதுவும் தயாராக இல்லை.

ஆறு ஆண்டு கழித்து அண்ணலே தேர்தல் மனுதாரர் ஆனார். 1952 பொதுத்தேர்தலில் பம்பாய் வடக்கு இரட்டை உறுப்பினர் தொகுதி. பொன்னுசாமி வழக்கில் தீர்ப்பு வந்த அதே ஜனவரி. அண்ணலுக்கு 1,23,576 வாக்கு, காங்கிரசின் நாராயண் கஜ்ரோல்கருக்கு 1,38,137. வித்தியாசம் 14,561. அந்தத் தொகுதியில் 74,333 வாக்குகள் கணக்கில் சேராமல் போயிருந்தன. இரட்டைத் தொகுதியில் வாக்காளருக்கு இரண்டு ஓட்டு, இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட்டால் ஒன்று வீண். அப்படி வீணாக்கச் சொல்லிப் பிரசாரம் நடந்தது என்று கம்யூனிஸ்ட் தலைவர் டாங்கே மீது புகார். அண்ணலும், அவரோடு கூட்டணியில் நின்று தோற்ற சோஷலிஸ்ட் அசோக் மேத்தாவும் தேர்தலை ரத்து செய்யக் கேட்டு மனுப் போட்டார்கள். முடிவு மாறவில்லை. அரசியல் சட்டத்தை எழுதியவர், தானே எழுதிய சட்டத்தின் கீழ் மனுதாரராக நின்று தோற்றார். ராஜ்யசபை வழியாகத்தான் பாராளுமன்றம் போகமுடிந்தது. 1954இல் பண்டாரா இடைத்தேர்தலில் நின்றும் தோற்றார்.

தேர்தல் மனு எப்போதும் நம் கையில் இருக்கும் ஆயுதம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நம்மவர் ஜெயித்தால் நம்மை நோக்கியும் அது வரும். 1957இல் ஆந்திராவின் பார்வதிபுரம் இரட்டைத் தொகுதி. ஒரு இடம் பழங்குடிக்கு, ஒரு இடம் பொது. நின்றவர்களில் வி.வி. கிரியும் ஒருவர். மத்திய அமைச்சராக இருந்தவர், பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவர். எண்ணிப் பார்த்தால் முதல் இரண்டு இடமும் பழங்குடி வேட்பாளர்களுக்கு. ஒருவர் தனி இடத்துக்கு, சூரி தோரா பொது இடத்துக்கு என்று அறிவித்தார்கள். கிரி சில நூறு ஓட்டில் தோற்றார். அவர் வழக்குப் போட்டார். பழங்குடிக்குத் தனி இடம் இருக்கும்போது அவர் எப்படிப் பொது இடத்தை எடுக்கலாம் என்பது ஒரு வாதம். சூரி தோரா குடும்பம் க்ஷத்திரிய வழக்கத்துக்கு மாறிவிட்டது, அவர் பழங்குடியே இல்லை என்பது இன்னொரு வாதம். மேலே ஏறினால் நீ பழங்குடியே இல்லை என்பது, ஏறாவிட்டால் பழங்குடி அப்படித்தான் என்பது. இதை நாம் எத்தனை அலுவலகங்களில் கேட்டிருக்கிறோம்! 1959இல் உச்சநீதிமன்றம் இரண்டு வாதத்தையும் தள்ளியது. பொது இடம் என்பது எல்லோருக்கும் பொது, பழங்குடிக்கும் சேர்த்துத்தான் பொது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இரண்டே ஆண்டில், 1961இல், இரட்டை உறுப்பினர் தொகுதி முறையையே சட்டம் போட்டு ஒழித்தார்கள். தொகுதி மிகப் பெரிது, நிர்வாகச் சிரமம் என்று காரணம் சொன்னார்கள். அது முழுப் பொய் என்று சொல்லமாட்டோம். ஆனாலும் அது எந்த நேரத்தில் ஒழிந்தது என்பதை நாங்கள் மறப்பதில்லை.

இனி அமெரிக்கா. கறுப்பின மக்களின் அனுபவத்தை எங்கள் எழுத்தில் நாங்கள் அடிக்கடி கொண்டுவருகிறோம் என்று சிலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். இந்த விஷயத்தில் அது தவிர்க்க முடியாதது. நம் நாட்டில் தேர்தல் தகராறு நீதிபதியிடம் போகிறது. இங்கிலாந்தில் 1868 வரை அது பாராளுமன்றத்திடமே இருந்து, பிறகு நீதிபதிகளிடம் போனது. அமெரிக்காவில் மட்டும் அதிபர் தேர்தலின் கடைசி எண்ணிக்கை இன்றும் சட்டமன்ற உறுப்பினர்கள் முன்னால் நடக்கிறது. ஆட்சேபம் சொல்லும் உரிமை அவர்களுக்குத்தான். 1887ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சேபம் எழுத்தில் இருக்கவேண்டும். கீழவை உறுப்பினர் ஒருவர், செனட்டர் ஒருவர், இருவரும் கையெழுத்திட வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தால் அதைக் காதில் வாங்கவே மாட்டார்கள்.

அந்தச் சட்டம் பிறந்த கதையே கறுப்பர்களின் முதுகில் எழுதியது. 1876 அதிபர் தேர்தலில் புளோரிடா, லூசியானா, தென் கரோலினா முடிவுகளில் தகராறு வந்தது. 15 பேர் கொண்ட ஆணையம் 8க்கு 7 என்ற கணக்கில் ஹேய்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பதிலுக்கு நடந்த பேரத்தில், தெற்கே கறுப்பர்களின் ஓட்டுரிமைக்குக் காவலாக நின்ற மத்தியப் படைகள் 1877இல் விலக்கப்பட்டன. அதற்குப் பிறகு அவர்கள் ஓட்டுச்சாவடிக்குள் சுதந்திரமாகப் போக 1965 வரை ஆயிற்று.

2000ஆம் ஆண்டுத் தேர்தலில் மறுபடியும் புளோரிடா. 537 ஓட்டில் புஷ் ஜெயித்தார். அந்த மாநில வாக்காளர்களில் கறுப்பர்கள் 11 சதவீதம் அளவில்தான். செல்லாது என்று ஒதுக்கிய ஏறக்குறைய 1,80,000 வாக்குகளில் 54 சதவீதம் அவர்களுடையவை என்று சிவில் உரிமை ஆணையம் பின்னால் கணக்கிட்டது. பம்பாயின் 74,333ஐ இங்கே நினைத்துக்கொள்ளலாம். 2001 ஜனவரி 6 அன்று கூட்டுக் கூட்டம். தலைமை தாங்கியவர் தோற்ற வேட்பாளரான அல் கோர்தான், அவர் அப்போது துணை அதிபர். புளோரிடாவின் அல்சி ஹேஸ்டிங்ஸ், கேரி மீக், கோரின் பிரவுன் என்று கறுப்பின உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஆட்சேபம் படித்தார்கள். ஒவ்வொருவரிடமும் கோர் ஒரே கேள்வி கேட்டார்: செனட்டர் கையெழுத்து இருக்கிறதா? இல்லை. உட்காருங்கள். மேக்சின் வாட்டர்ஸ், செனட்டர் கையெழுத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை என்றார். விதிக்குக் கவலை இருக்கிறதே என்றார் கோர். அவையில் சிரிப்பு எழுந்தது. கடைசியில் கறுப்பின உறுப்பினர்கள் எழுந்து வெளியேறினார்கள்.

அன்றைக்கு நூறு செனட்டர்களில் ஒருவர்கூடக் கறுப்பர் இல்லை. இதைத்தான் நம் தோழர்கள் கவனிக்கவேண்டும். கீழவை உறுப்பினர்கள் சின்னச் சின்னத் தொகுதிகளிலிருந்து வருகிறார்கள். எழுந்து நின்றவர்களில் பலர் கறுப்பர்கள் பெரும்பான்மையாகவோ பெருந்தொகையாகவோ உள்ள தொகுதிகளிலிருந்து, அந்த மக்களின் ஓட்டால் வந்தவர்கள். செனட்டரை மாநிலம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறது, அங்கே வெள்ளையர் ஓட்டுதான் பெரிது. தன் மக்களின் ஓட்டால் வந்தவர் எழுந்து நின்றார். எல்லோர் ஓட்டாலும் வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் அதற்குத் தனி வாக்காளர் தொகுதி, கூட்டு வாக்காளர் தொகுதி என்றெல்லாம் பெயர் வைக்கவில்லை. நமக்கு அந்தப் பெயர்கள் நன்றாகத் தெரியும்.

நான்கு ஆண்டு கழித்து ஒரு கையெழுத்து கிடைத்தது. 2004இல் ஒஹையோவில் கறுப்பர் பகுதிகளில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் போதாமல் மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள், பலர் திரும்பிப் போனார்கள். உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் விசாரித்து அறிக்கை தயாரித்தார். ஜெஸ்ஸி ஜாக்சன் செனட்டர்களை நெருக்கினார். சாதாரண மக்கள் கடிதம் எழுதினார்கள், தொலைபேசியில் அழைத்தார்கள். 2001இல் செனட்டர்கள் மௌனமாக இருந்த காட்சி மைக்கேல் மூரின் படத்தில் வந்து நாடே பார்த்திருந்தது, அந்த வெட்கமும் வேலை செய்தது. கலிபோர்னியா செனட்டர் பார்பரா பாக்சர், போன தடவை கோர் கேட்டுக்கொண்டதால் கையெழுத்திடவில்லை, இட்டிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, ஒஹையோவின் ஸ்டெபனி டப்ஸ் ஜோன்ஸ் கொடுத்த ஆட்சேபத்தில் கையெழுத்திட்டார். சட்டப்படி இரண்டு மணி நேர விவாதம். பிறகு வாக்கெடுப்பு. செனட்டில் 74க்கு 1. கீழவையில் 267க்கு 31.

அந்த 74இல் ஒருவர் பராக் ஒபாமா. இரண்டு நாளுக்கு முன் பதவியேற்ற, அன்றைய செனட்டின் ஒரே கறுப்பர். வாக்குரிமையைப் பற்றி நன்றாகப் பேசினார். ஆட்சேபத்துக்கு எதிராக வாக்களித்தார். அவரைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. இல்லினாய் மாநிலம் முழுவதும் சேர்ந்து அனுப்பிய ஆள் அவர். நம் தனித்தொகுதி எம்.எல்.ஏ.க்கள் சாதிக் கலவரம் நடந்தால் கட்சித் தலைமை வாய் திறக்கும் வரை காத்திருப்பதை நாம் பார்த்ததில்லையா?

2017இல் மறுபடியும் ஆட்சேபங்கள், மறுபடியும் செனட்டர் இல்லை. அன்றைக்கு எழுந்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால், பதவியேற்று மூன்றே நாள் ஆனவர். தலைமை தாங்கிய ஜோ பைடன் அவரையும் உட்கார வைத்தார். 2021இல் மட்டும் கையெழுத்துக்குப் பஞ்சமே இல்லை. டிரம்ப் தோற்றதை ஏற்க மறுத்து 8 செனட்டர்களும் 139 கீழவை உறுப்பினர்களும் ஆட்சேபத்துக்கு வாக்களித்தார்கள். பிலடெல்பியா போன்ற கறுப்பர்கள் நிறைந்த நகரங்களின் ஓட்டைத்தான் திருட்டு ஓட்டு என்றார்கள். வாக்கிழந்தவர்கள் இருபது ஆண்டு கெஞ்சியும் ஒரே ஒரு தடவை கிடைத்த கையெழுத்து, வாக்கைப் பறிக்க வந்தவர்களுக்குத் தட்டில் வைத்துக் கிடைத்தது. பிறகு 2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இனி ஒவ்வொரு அவையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். திருத்தம் தேவைதான் என்று நாங்களும் நினைக்கிறோம். ஆனால் டப்ஸ் ஜோன்சுக்கு அன்றைக்கு 20 செனட்டர்கள் வேண்டியிருந்தால் ஒஹையோ வரிசைகளைப் பற்றி அந்த அவை இரண்டு நிமிடம்கூடப் பேசியிருக்காது.

மலைக்குத் திரும்புவோம். 2013 டிசம்பர் 4 அன்று ஏற்காட்டில் நடந்த இடைத்தேர்தலில்தான் தமிழ்நாட்டில் முதன்முதலாக நோட்டா வந்தது. முடிவில் வித்தியாசம் 78,116 ஓட்டு. நோட்டாவுக்கு 4,431. அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் ஆய்வுக்குரிய வாக்கு நூறு இருந்தாலும் எந்த நீதிமன்றமும் பிரித்துப் பார்க்காது, ஏனென்றால் முடிவு மாறாது. யாரும் வேண்டாம் என்று 4,431 பேர் எழுதிக் கொடுத்தார்கள், சட்டத்தில் அதற்கும் ஒரு விளைவும் இல்லை.

வழக்குப் போடவே முடியாத தேர்தல் முடிவுகளும் உண்டு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தனி ஊராட்சிகளாக அறிவித்த 1996இலிருந்து பத்து ஆண்டு தலைவர் நாற்காலி காலியாகவே கிடந்தது. வேட்புமனு இல்லை, அல்லது ஜெயிக்க வைத்த கையோடு ராஜினாமா. தோற்றவர் மனுப் போடலாம் என்கிறது சட்டம். ஜெயித்தவரை ராஜினாமா எழுத வைத்தால் யார் மனுப் போடுவது? மேலவளவில் ராஜினாமா செய்ய மறுத்த முருகேசனை, 1997 ஜூன் 30 அன்று, கூட இருந்த ஐவரோடு சேர்த்துக் கொன்றார்கள்.

இப்போது தேர்தலுக்கு முன்னால் எங்கள் பகுதியில் வேட்பாளர்கள் வரும்போது நாங்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். ரோடு, தண்ணீர், பட்டா, சாதிச் சான்றிதழ் எல்லாம் கேட்டுவிட்டு, எங்கள் சாவடியில் பெயர் விடுபட்டாலோ, வேறு ஆள் ஓட்டுப் போட்டாலோ, நீங்கள் ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, எழுத்தில் புகார் கொடுத்துக் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்கிறோம். சிலர் சிரிக்கிறார்கள். தலைமையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒருவர் சொன்னார், அவரையாவது நேர்மையானவர் என்று சொல்லவேண்டும். இன்றுவரை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அதோடு, சாவடி வாரியாக ஒரு நோட்டும் வைத்திருக்கிறோம். எத்தனை பேருக்கு 49பி சீட்டுக் கொடுத்தார்கள், எத்தனை பேரைப் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், முடிவு என்றைக்கு வந்தது, அதிலிருந்து 45ஆம் நாள் எது. அந்த மூதாட்டியை மறுபடி பார்க்கப் போனபோது இதையெல்லாம் விளக்கிச் சொன்னோம். வித்தியாசம் சின்னதாக இருந்தால்தான் பலன் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப எம்.எல்.ஏ. போடணும்னு இல்ல, நானே போடலாம்ல?” என்றார். போடலாம் என்றோம். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது என்றோம். எந்த ஊருக்குப் போய் வைக்கவேண்டும் என்று கேட்டார். சென்னை என்றோம். “பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகும்?” என்றார். அன்று சாயங்காலம் கீழே இறங்கியதும் சேலம் பஸ் நிலையத்தில் விசாரித்து, அந்தத் தொகையையும் நோட்டில் எழுதிக்கொண்டோம்.